புகாரை ஓட்டுக்கு விடாதீர்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கத்துப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. தூக்கம் வரவில்லை, ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்கிறாள், யாரிடமும் பேசுவதில்லை என்று பெற்றோர் கூட்டி வருவார்கள். பிள்ளையிடம் தனியாகப் பேசப்பேச, போன் விளையாட்டில் நடந்த ஏதோ ஒன்று மெல்ல வெளியே வரும். பணம் கட்டி ஆடும் ரம்மியைச் சொல்லவில்லை. அதற்குப் பெற்றோர் பயப்படுகிறார்கள், கண்காணிக்கவும் செய்கிறார்கள். நான் சொல்வது ‘அமங் அஸ்’ மாதிரி, கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆளைப் பேசிப்பேசிக் கண்டுபிடிக்கிற விளையாட்டு. காசு போவதில்லை, பார்க்கவும் பொம்மைப்படம் போல இருக்கிறது. அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமங் அஸ் 2018-இல் வந்தது, 2020 ஊரடங்கில்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஓர் ஆட்டத்தில் 15 பேர் வரை சேரலாம். அதில் ஒருவரோ சிலரோ இம்போஸ்டர், அதாவது கூட்டத்துக்குள் ஒளிந்திருந்து மற்றவர்களைக் கொல்லும் எதிரி. அவர்கள் யாரென்று மற்றவர்களுக்குத் தெரியாது. மீட்டிங் கூட்டி, வாதாடி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியே அனுப்புவார்கள். பொய் சொல்வது இங்கே தவறு கிடையாது. நன்றாகப் பொய் சொல்பவர்தான் ஜெயிப்பார்.

பிள்ளைகளுக்குக் குழப்பம் வருவதும் இங்கேதான். “கேம்ல என்ன வேணா சொல்லலாம்” என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: நீ சொன்னது திரையில் ஓடும் அந்தப் பொம்மையைப் பற்றியா, அதை ஆட்டுகிற ஆளைப் பற்றியா? “சிவப்பு வென்டுக்குள்ள குதிச்சான், என் கண்ணால பாத்தேன்” என்று, அதாவது சிவப்பு நிறப் பொம்மை இம்போஸ்டர்கள் ஒளியும் குழாய்க்குள் போனது என்று, துணிந்து புளுகினால் அது ஆட்டம். “உங்க தெரு ஆளுங்களே இப்படித்தான்” என்றால் அது ஆட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

டெல்டாவில் இது கூடுதலாகக் குத்தும். முகம் தெரியாத வெளிநாட்டுக்காரரோடு ஆடினால் அவருக்கு நம் தெரு தெரியாது. இங்கே ஆட்டத்துக்குள் நுழைவதற்கான ரகசியக் குறியீடு டியூஷன் வாட்ஸ்அப் குரூப்பில் விழுகிறது. ஒரே பஸ்ஸில் போகிற, ஒரே பள்ளியில் படிக்கிற பிள்ளைகள்தான் உள்ளே வருகிறார்கள். பேச்சு டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியிலோ வாட்ஸ்அப் காலிலோ நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கலெக்டர் லீவு விட்டால் காலையில் தொடங்கி இரவு வரை ஆட்டம்தான். எங்கள் ஊர்களில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். எனவே, கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் ஒருவரை அடித்துப்போட முடியும். வசைச்சொல்லைத் தேடிப் பிடிக்கும் எந்தத் தானியங்கி வடிகட்டியும் அதைப் பிடிக்காது.

ஒரு சம்பவம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் பெண், அப்பா சிங்கப்பூரில். பத்து நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை என்று அம்மா கூட்டி வந்தார். அந்தப் பெண் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தாள், போனை என்னிடம் நீட்டினாள். மீட்டிங் தொடங்கியதும் முதல் வரி: “அவள தூக்கிட்டு அப்புறம் பேசலாம்.” தூக்குவது என்றால் ஓட்டுப் போட்டு வெளியேற்றுவது. யார் எங்கே இருந்தார்கள், யார் என்ன பார்த்தார்கள் என்று ஒரு பேச்சும் இல்லை. அவள் பெயருக்கு நேரே வரிசையாக ஓட்டு. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே, அதற்கடுத்ததிலும். அவள் ஏன் என்று கேட்டிருக்கிறாள். பதிலாக அவள் தெருவைப் பற்றி ஒரு பையன் எழுதிய ஒரு வரி, அதன் கீழே ஆறேழு சிரிப்பு எமோஜி.

அவள் குரூப் அட்மினிடம் புகார் சொன்னாள். அட்மின் பிளஸ் டூ பையன், நல்ல பிள்ளைதான். அவனுக்குத் தெரிந்த வழியில் குரூப்பிலேயே ஓர் ஓட்டெடுப்பு வைத்தான்: அந்தப் பையனை நீக்கலாமா, வேண்டாமா? ‘வேண்டாம்’ ஜெயித்தது. அன்று இரவே தெரியாத எண்ணிலிருந்து அவளுக்கு மெசேஜ் வர ஆரம்பித்தது. “கேம்ல தூக்குனதுகூட பரவால்ல மேடம். நான் சொன்னது உண்மையான்னு ஓட்டுப் போட்டாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல” என்றாள்.

இந்த விளையாட்டுகளின் மூதாதை ‘மாஃபியா’. 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் என்பவர் உருவாக்கியது. விஷயம் தெரிந்த சிலர் ஒருபக்கம், ஒன்றும் தெரியாத பலர் மறுபக்கம். தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வார்கள், தெரியாதவர்கள் ஊகத்தில் ஓட்டுப் போடுவார்கள். பெரும்பான்மை தவறாக ஓட்டுப் போடுவதால்தான் ஆட்டம் சுவாரசியமாக இருக்கிறது. அதே முறையை நிஜப் புகாருக்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? நண்பர் வட்டம் ஒன்றுசேரும், மற்றவர்கள் நமக்கேன் வம்பு என்று ஒதுங்குவார்கள், புகார் சொன்னவள் இரண்டாவது முறை வெளியேற்றப்படுவாள். அட்மின்களுக்கு நான் திரும்பத்திரும்பச் சொல்வது இதைத்தான். நடத்தைப் புகாரை ஓட்டுக்கு விடாதீர்கள். ‘டவுன் ஆஃப் சேலம்’ என்ற விளையாட்டிலும் புகார்களை ஆட்டக்காரர்களே விசாரிக்கும் ஏற்பாடு இருந்தது. அதில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அந்த ஆட்டத்தின் பதிவைப் படித்துப் பார்த்துத்தான் சொன்னார்கள். பதிவைப் படிப்பதற்கும் கூட்டத்தில் கை தூக்குவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

எல்லாப் புகாருக்கும் ஒரே மருந்து கிடையாது. ஆட்டத்தில் செத்துப்போனவர் வேறொரு போன் அழைப்பில் துப்புக் கொடுப்பது, ஒரே ஆள் இரண்டு போனில் நுழைவது, கோபத்தில் தன் கூட்டாளியையே காட்டிக்கொடுப்பது எல்லாம் ஆட்டக் குற்றங்கள். கூப்பிட்டுப் பேசி, ஓரிரு ஆட்டம் உட்கார வைத்தால் போதும். சாதி, உடம்பு, குடும்பம், ஊர் என்று ஆளைத் தொட்டுவிட்டால் முதலில் மியூட், அப்புறம்தான் விசாரணை. அமங் அஸ்ஸில் ஹோஸ்ட், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், ஒருவரை லாபியிலிருந்து (ஆட்டக்காரர்கள் கூடும் அறை) வெளியேற்றலாம், திரும்ப வரவிடாமல் தடையும் செய்யலாம். டிஸ்கார்டில் ஒருவரைச் சிறிது நேரம் பேசவிடாமல் நிறுத்தும் டைம்அவுட் வசதி இருக்கிறது. ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மன்னார்குடிப் பக்கம் டிஸ்கார்டு சர்வர் (அந்தச் செயலியில் ஒரு குழு) நடத்தும் கல்லூரி மாணவி ஒருவர் யோசனை கேட்டு வந்தார். இப்போது அவர் நடத்தும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புகாரைப் பொதுவில் எழுத வேண்டியதில்லை, குழுவைக் கவனித்துக்கொள்ளும் இரண்டு மாடரேட்டர்களுக்குத் தனியாக அனுப்பினால் போதும். அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண். அந்த ஆட்டத்தில் இருந்தவர் அந்தப் புகாரைப் பார்க்க மாட்டார். இரு தரப்பையும் தனித்தனியாகக் கேட்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட்டை முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு வாங்குகிறார்கள். குரூப்புக்கு முடிவு மட்டும்தான் போகும், யார் புகார் சொன்னது என்பது போகாது. தண்டனை முடிந்து ஒருவன் திரும்பி வந்தாலும், புகார் கொடுத்தவர் சம்மதிக்காமல் இருவரையும் ஒரே லாபியில் சேர்ப்பதில்லை.

எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொல்வதை அவர் நிறுத்திவிட்டார். நானும் அதைத்தான் சொல்கிறேன். “அதான் சாரி சொல்லிட்டான்ல, விடேன்” என்று அடுத்த நிமிடமே அழுத்தம் பாதிக்கப்பட்ட பிள்ளை மேல் வந்துவிடும். தப்புச் செய்த பையனின் பெயரோடு ஸ்கிரீன்ஷாட்டை ஸ்கூல் குரூப்பில் போட்டு அசிங்கப்படுத்துவதும் கூடாது. பதினைந்து வயதுப் பையன் பெரும்பாலும் வீட்டிலும் தெருமுனையிலும் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்கிறான். அவனோடும் அவன் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவது தனி வேலை, அதையும் செய்தாக வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை அழுதுகொண்டே வந்து சொன்னதும் போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். அடுத்த முறை சொல்ல மாட்டாள். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள். அப்புறம் கணக்கில் பிறந்த வருடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அமங் அஸ்ஸில் சின்னப் பிள்ளைகளின் கணக்குக்குப் பெற்றோர் அனுமதி இல்லாமல், விரும்பியதை எழுதும் ஃப்ரீ சாட் திறக்காது, தயாராக இருக்கும் வாக்கியங்களைத் தேர்ந்தெடுக்கும் குயிக் சாட் மட்டும்தான். டிஸ்கார்டுக்குக் குறைந்தபட்ச வயது 13. வருடத்தை மாற்றிப் போட்டால் இந்தப் பாதுகாப்பெல்லாம் போய்விடும். பிள்ளைகள் மாற்றித்தான் போடுகிறார்கள்.

பாலியல் பேச்சு, போட்டோ கேட்பது, மிரட்டல் என்று வந்துவிட்டால் அட்மின் விசாரணையே வேண்டாம். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வருகிறது. அந்தக் குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. ‘ஊருக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று பெரியவர்கள் கூடும் இடங்களில் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, சைபர் குற்றங்களுக்கு 1930. பிள்ளை மனம் உடைந்து இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

மெசேஜ்களை அழிக்க வேண்டாம், அந்த எண்ணை பிளாக் செய்யும் முன்பு தேதி, நேரம், அனுப்பியவர் ஐடி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பிள்ளையின் ஆபாசப் படம் சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும் நகல் எடுக்க வேண்டாம், நியாயம் கேட்பதற்காகக்கூட யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். அப்படிப் பரப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். போனை அப்படியே எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் போலீசிடம் போங்கள்.