ரிப்பன் வெட்டிய பிறகு அந்தத் தண்ணீர் யார் பொறுப்பு?

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். பூட்டிக் கிடந்த சுத்திகரிப்பு அறைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் இரண்டு நாட்டுக் கொடிகள், இரண்டு சங்கங்களின் பெயர்கள், திறந்து வைத்தவர்களின் பெயர்கள். எல்லாம் இன்னும் பளிச்சென்றுதான் இருந்தன. பூட்டுதான் துருப்பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "திறந்தப்போ எல்லாரும் வந்தாங்க சார். மெஷின் நின்னப்போ யாருக்குப் போன் பண்றதுன்னுதான் எங்களுக்குத் தெரியல."

கிராமக் குடிநீர்த் திட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த பொறியாளன் நான். சில ஆண்டுகளாகச் சேவைச் சங்கங்களுக்குத் தொழில்நுட்ப ஆலோசனை சொல்லி வருகிறேன். உள்ளூர்ச் சங்கமும் வெளிநாட்டுச் சங்கமும் கைகோத்துச் செய்யும் தண்ணீர்த் திட்டங்களில் நல்ல மனசுக்குக் குறைவே இல்லை. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வியைத் திட்டம் போடும் நாளிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கூட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ரோட்டரி என்ற உலகச் சேவை அமைப்பின் உலகளாவிய மானியத்தை எடுத்துக்கொண்டால், வேலை நடக்கும் நாட்டில் ஒரு சங்கமும் வேறொரு நாட்டில் ஒரு சங்கமும் சேர்ந்துதான் விண்ணப்பிக்க முடியும். திட்டத்தின் மதிப்பு குறைந்தது 30,000 டாலர், அதாவது 25 லட்சம் ரூபாய்க்கு மேல். ஊரின் தேவை என்ன என்று மக்களிடம் கேட்டு எழுதிய மதிப்பீடும் விண்ணப்பத்தோடு போக வேண்டும். இந்தியாவுக்குள் வரும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கும் உட்பட்டது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்குக்குத்தான் வர முடியும். வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் கூடாது. 'ஊரில் நமக்குத் தெரிந்த டிரஸ்ட் இருக்கிறது, அவர்களிடம் கொடுத்துவிடலாம்' என்று கடைசி நேரத்தில் யோசிக்கும் சங்கங்கள் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஆடிட்டரை முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டுவிடுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பாறை நிலம். பாறைக்குள் நெடுநாள் தங்கிய தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்து ஏறும். போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, ஆழமாகப் போகப் போகப் பல இடங்களில் அளவு கூடத்தான் செய்கிறது. இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஏறிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் குடிக்கும் பிள்ளைகளுக்குப் பல்லில் காவி ஏறும், தேய்த்தாலும் போகாது. வருடக்கணக்கில் குடித்த பெரியவர்களுக்கு மூட்டும் முதுகும் இறுகும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் அளவு கொஞ்சம் கூடவே செய்யும்.

ஃபுளோரைடு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஆர்.ஓ. இயந்திரம்தான். ஃபுளோரைடை அது எடுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊர் அளவு இயந்திரங்களில், உள்ளே போகும் தண்ணீரில் ஏறக்குறைய பாதி கழிவாக வெளியே வருகிறது. எடுத்த ஃபுளோரைடும் உப்பும் அந்தப் பாதியில்தான் இருக்கும். போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்றால் கழிவில் கிட்டத்தட்ட 6. நான் மேலே சொன்ன ஊரில் அந்தக் கழிவுக் குழாய் சாலையோரப் பள்ளத்தில் முடிந்தது. இயந்திரம் ஓடிய நாட்களில் மாடுகள் அங்கேதான் தண்ணீர் குடித்திருக்கின்றன. அப்புறம் தண்ணீரை வடிகட்டும் சவ்வான மெம்பரேனில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டது. புதிதாக வாங்கப் பணம் இல்லை, கரண்ட் பில்லும் பாக்கி. பூட்டிவிட்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, அந்தப் பக்கத்திலேயே வேறு சில குக்கிராமங்களுக்குத் திட்டம் போட இன்னொரு சங்கம் என்னைக் கூப்பிட்டது. ஜெர்மனியில் ஒரு சங்கம் கூட்டாளி. வீடியோ கூட்டத்தில் நான்கு ஆர்.ஓ. இயந்திரங்களின் படத்தைக் காட்டினோம். அங்கிருந்த தண்ணீர்க் குழுத் தலைவி விலையைக் கேட்கவில்லை, கொள்ளளவைக் கேட்கவில்லை. "கழிவுத் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டார். அடுத்து, "மூன்றாவது வருஷம் மெம்பரேன் வாங்கும் காசு யாருடையது?" எங்கள் பக்கத்தில் யாரிடமும் பதில் இல்லை. சிலருக்குக் கோபம்கூட வந்தது, பணம் கொடுக்கிறவர்கள் நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று. எனக்கு அந்தப் பூட்டுதான் நினைவுக்கு வந்தது. எல்லை தாண்டி வரும் கூட்டாளியிடமிருந்து நமக்குக் கிடைக்கிற பெரிய உதவி இந்தக் கேள்விகள்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. உள்ளூரில் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக் கேட்கத் தயங்குவதை, தூரத்தில் இருப்பவர் கேட்டுவிடுகிறார்.

விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தோம். பரிசோதனைப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். ஒரு பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து, போரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரைச் சிறிய கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சில சொட்டு மருந்து விட்டேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது மஞ்சளாக மாறியது. மஞ்சள் என்றால் ஃபுளோரைடு அதிகம். சுற்றி நின்ற பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள். அப்போது ஊர் மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஓ.எச்.டி. ஆபரேட்டர் அண்ணன் இன்னொரு பாட்டிலை நீட்டினார்: "இதையும் பாருங்க சார், இது ஒகேனக்கல் தண்ணி." சொட்டு விட்டேன். சிவப்பு அப்படியே நின்றது.

ஜப்பானியக் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுபோவது அதன் வேலை. ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்பது திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. அந்த ஊருக்கும் காவிரி வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் தினமும் வருவதில்லை. வராத நாளில் ஊர் தாகம் தீர வேண்டுமே என்று போர் தண்ணீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். இரண்டும் கலந்துதான் குழாயில் வருகிறது. ஆபரேட்டரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் இருப்பது ஒரே தொட்டி. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு, குடிக்க எல்லாவற்றுக்கும் ஒரே குழாய். நல்ல தண்ணீர் ஊருக்குள் வந்து, தொட்டிக்குள் போய்க் கெட்டுப்போகிறது.

அப்புறம் திட்டமே மாறிவிட்டது. இயந்திரம் வேண்டாம். காவிரிக்கு மட்டும் தனியாக ஒரு தொட்டி, தெருவுக்குத் தெரு தனியாக ஒரு குடிநீர்க் குழாய். போர் தண்ணீர் பழைய தொட்டியிலேயே இருக்கட்டும், மற்ற வேலைகளுக்கு. தனித் தொட்டியில் நாலைந்து நாளுக்கான குடிநீரைச் சேமித்து வைக்கலாம், ஏனென்றால் குடிக்கவும் சமைக்கவும் தேவைப்படுவது மொத்தத் தேவையில் சிறு பங்குதான். கழிவு கிடையாது, மெம்பரேன் கிடையாது. ஓர் ஊருக்கான செலவு குறைந்ததால் குறைந்தபட்ச மதிப்பை எட்டப் பக்கத்துக் குக்கிராமங்களையும் சேர்த்துக்கொண்டோம். 'ஆர்.ஓ. என்றால் காட்டுவதற்கு ஏதாவது இருக்கும், இதில் என்ன இருக்கிறது?' என்று எங்கள் சங்கத்திலேயே கேட்டார்கள். அந்த இரண்டு கண்ணாடிக் குழாய்களையும் மேசைமேல் வைத்தேன்.

சோதிக்காமல் செய்த நல்ல காரியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வங்கதேசத்தை நான் எப்போதும் சொல்வேன். குட்டைத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் சாகிறார்களே என்று 1970-களிலிருந்து அரசும் யுனிசெஃபும் மற்றவர்களும் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அந்த நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பது 1993-ல்தான் அங்கே தெரியவந்தது. கோடிக்கணக்கான மக்கள் அதற்குள் குடித்துவிட்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொரு கிணறாகச் சோதித்து, ஆபத்தான பம்புக்குச் சிவப்பு, நல்லதற்குப் பச்சை என்று வண்ணம் பூசிக்கொண்டு போனார்கள். செய்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தண்ணீரில் இன்னும் ஒன்றைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பராமரிப்புக்கு வருகிறேன். வருடா வருடம் ஆகும் ஓட்டுச் செலவை மானியத்தில் எழுத முடியாது. அது ஊரின் கையில்தான் இருக்க வேண்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்துக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள்: வீட்டுக்கு மாதம் 30 ரூபாய், வசூல் மகளிர் குழு, கணக்கு தனி வங்கிப் புத்தகத்தில். நோட்டை எழுதும் அக்கா முதல் பக்கத்தில் வீட்டு எண்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். பணம் தர முடியாத வீடுகளுக்கு எதிரே சின்னதாக ஒரு புள்ளி. "அவங்களுக்கும் தண்ணி உண்டு சார், வெளியில சொல்லாதீங்க" என்றார். அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பினோம், புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் சொல்லாமல்.

இப்போது தொட்டிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். முதல் வரியில் கடைசியாகச் சோதித்த தேதியும் ஃபுளோரைடு அளவும். இரண்டாவது வரியில் ஆபரேட்டர் அண்ணனின் போன் எண். மூன்றாவதில் மகளிர் குழுவின் எண். சங்கங்களின் பெயரைக் கீழே மீதி இடத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று இரண்டு நாட்டவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.