பிரஸ் அப்புறம், தராசு முதலில்

என்னிடம் இலக்குச் சுடுதல் பழகும் ஒருவர், சுட்ட உறைகளில் புதிதாக வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தானே நிரப்பிய நாற்பது தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஒரு நாள் சுடுதளத்துக்கு வந்தார். முகத்தில் அப்படியொரு பெருமிதம். முதல் இரண்டும் ஒழுங்காகச் சுட்டன. மூன்றாவதைச் சுட்டதும், துப்பாக்கியின் பின்புறத்தை மூடித் திறக்கும் போல்ட்டின் கைப்பிடி எளிதில் மேலே வரவில்லை. உள்ளங்கையால் தட்டித்தான் தூக்கினார். வெளியே விழுந்த உறையை எடுத்துப் பார்த்தேன். உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிதான் பிரைமர். அதன் ஓரத்தில் இருக்க வேண்டிய மெல்லிய வளைவைக் காணோம். குழியின் விளிம்புவரை நசுங்கிப் பரவியிருந்தது. இந்த இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் உள்ளே அழுத்தம் எல்லை மீறுகிறது என்று பொருள். சுடுவதை அங்கேயே நிறுத்தச் சொன்னேன்.

மிச்சமிருந்த 37 தோட்டாக்களையும் குண்டு கழற்றும் சுத்தியலால் தட்டிப் பிரித்து, உள்ளே இருந்த மருந்தை ஒவ்வொன்றாக நிறுத்தோம். ஒன்று மிகச் சரியாக இருந்தது. அடுத்ததில் 0.6 கிரெயின் கூடுதல் (மருந்தை நிறுக்கும் எடை அலகு கிரெயின்). அதற்கடுத்ததில் குறைவு. அன்று மாலை அவருடைய மேசையைப் போய்ப் பார்த்தேன். நடுவில் பளபளவென்று ஒரு புரோகிரசிவ் பிரஸ், அதாவது தோட்டாவை அழுத்தி நிரப்பும் இயந்திரம், சேமிப்பில் பெரும்பகுதியை விழுங்கியது. அதன் பக்கத்தில், அதே பலகையில், கிடைத்த விலைக்கு வாங்கிய ஒரு சின்ன மின்னணுத் தராசு. தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

இப்படித் தோட்டாவை மறுபடி நிரப்பும் ரீலோடிங்கைத் தொடங்க விரும்பும் எவரும் முதலில் கேட்பது எந்த பிரஸ் வாங்கலாம் என்பதைத்தான். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அதுதானே. ஆனால் பிரஸ் என்பது ஒரு நெம்புகோல். தவறாக நிறுத்த மருந்தையும் அது மறுப்புச் சொல்லாமல் உறைக்குள் அடைத்துக் கொடுத்துவிடும். காசை முதலில் அளக்கும் கருவிகளில் போடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. துப்பாக்கி உரிமம் இருந்தாலே தோட்டா நிரப்பலாம் என்று எண்ணிவிட வேண்டாம். சில நாடுகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும். மருந்தும் பிரைமரும் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு திருகாணிகூட வாங்காதீர்கள்.

முதல் செலவு, நிரப்பு கையேடு. மருந்து அல்லது குண்டு தயாரிப்பாளர் வெளியிட்ட, இப்போதைய பதிப்பு. அதில் ஒவ்வொரு குண்டுக்கும் மருந்துக்கும் தொடக்க அளவு, உச்ச அளவு என இரண்டு இருக்கும். தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏற வேண்டும். நண்பர் ஒருவர் தன் துப்பாக்கிக்குக் கண்டுபிடித்த அளவு அந்தத் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது.

அடுத்தது தராசு. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். நமக்குத் தேவையான நுட்பம் 0.1 கிரெயின், அதாவது 6.5 மில்லிகிராம். இவ்வளவு நுண்மையாக அளக்கும் கருவிக்கு லேசான காற்றும் ஒரு விரல் அழுத்துவது போலத்தான். மின்னணுத் தராசு என்றால் இயக்கி அரைமணி நேரம் விட்டுவைக்க வேண்டும். கைப்பேசியைத் தள்ளி வைக்க வேண்டும். பிரஸ் இல்லாத வேறொரு சமமான மேசையில் இருக்க வேண்டும். பழைய பாணிக் கோல்தராசு மெதுவானது, ஆனால் மின்சாரத்தோடு அதற்கு வம்பில்லை. காற்று அதையும் ஆட்டும் என்பது வேறு விஷயம். எதை வாங்கினாலும் சரிபார்ப்பு எடைக்கற்களைச் சேர்த்தே வாங்குங்கள். பத்துத் தோட்டாவுக்கு ஒருமுறை கல்லை வைத்துப் பார்க்கிறவருக்குத் தராசு ஏமாற்றுவது உடனே தெரிந்துவிடும். என் மாணவரிடம் கல்லே இல்லை.

மருந்தை அளந்து கொட்டும் கருவி பிறகு வாங்கினால் போதும். குச்சி வடிவ மருந்து அதில் சிக்கி வெட்டுப்பட்டு, கூடியும் குறைந்தும் விழும். சற்றுக் குறைவாகக் கொட்டிவிட்டு, மீதியைத் துளித்துளியாகச் சேர்ப்பதுதான் இலக்குச் சுடுவோர் வழக்கம்.

மூன்றாவது, நீளத்தை நுட்பமாக அளக்கும் கேலிப்பர். சுடும்போது உறை முன்னோக்கி நீள்கிறது. .308 வின்செஸ்டர் என்ற ரகத் தோட்டாவின் உறை 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 51.18 மில்லிமீட்டர். தாண்டினால் உறையின் வாய், தோட்டா உட்காரும் துப்பாக்கி அறையின் முனையில் முட்டி, குண்டை விடாமல் இறுக்கும்; அழுத்தம் எகிறும். அளந்து, நீண்டதை வெட்டி, வெட்டிய விளிம்பை உள்ளும் புறமும் சீவ வேண்டும். ஆகவே கேலிப்பரோடு வெட்டும் கருவியும் சேர்ந்தே வரும்.

கேலிப்பரில் பொருத்தி, உறை கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவான தோளை அளக்கும் சிறு இணைப்பு ஒன்று உண்டு. இது வேண்டாம் என்று ஆரம்பத்தில் நானும் விட்டுவிட்டேன். சுட்ட உறையை அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையை, தாளில் எழுதியிருந்தபடி இறுதிவரை இறக்கித் திருகி, ஒவ்வொரு முறையும் உறையின் தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். நான்கைந்து முறை சுட்ட ஓர் உறையின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தது. தாள் செருகும் கம்பியை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, உறைக்குள் விட்டு உட்சுவரைத் தடவினேன். வளையம் இருந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் ‘டக்’கென்று விழுந்தது. அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ உறை இரண்டாகப் பிளந்து, கொதிக்கும் வாயு பின்னால் வந்திருக்கும். போல்ட் துப்பாக்கிக்குத் தோளை 0.05 மில்லிமீட்டர் வரை தள்ளினால் போதும். அதை அந்த இணைப்புதான் சொல்லும், கண் சொல்லாது.

இனி பிரஸ். ஒருமுறை இழுத்தால் ஒரே வேலை செய்யும் ஒற்றை நிலை பிரஸ், கனமான வார்ப்பு, ஆடாத மேசை. அவ்வளவே. புரோகிரசிவ் ஓர் இழுப்பில் நான்கைந்து வேலைகளை வெவ்வேறு இடத்தில் செய்கிறது. புதியவரின் கண் அத்தனையையும் பின்தொடராது. மருந்தே விழாத ஓர் உறை தப்பிப் போனால், பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். ஒற்றை நிலை பிரஸில் வேலை செய்பவர் ஐம்பது உறைகளையும் பலகையில் நிறுத்தி, விளக்கடித்து ஒவ்வொன்றிலும் மருந்தின் மட்டத்தைப் பார்த்த பிறகுதான் குண்டை வைப்பார்.

டை விஷயத்தில், முழு நீளத்தையும் சீராக்கும் வகையை வாங்குங்கள். கழுத்தை மட்டும் சீராக்கும் வகையைப் பற்றி வாதிட எனக்கு இப்போது பொறுமை இல்லை. உறைக்கு மசகு பூச மறந்தால் அது டைக்குள் சிக்கிக்கொள்ளும், வெளியே எடுக்க ஒரு மாலை போகும்; அதிகம் பூசினால் தோளில் பள்ளம் விழும். பெர்டான் வகை உறையில் நடுவில் துளை இருக்காது, பக்கத்தில் இரண்டு இருக்கும். தெரியாமல் அழுத்தினால், பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றும் டையின் ஊசி உடையும்.

உறை தேய்த்துக் கழுவும் கருவிக்குப் பெயர் டம்ளர். தண்ணீர் குடிக்கும் டம்ளருக்கும் இதற்கும் உறவில்லை. சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சுட்ட பிரைமரின் கசடில் ஈயம் இருக்கும், உலர்முறையில் தேய்த்தால் அது தூசியாகப் பறக்கும். வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. பிரைமர் பொருத்தும்போது கண்ணாடி அணிய வேண்டும். மேசை மேல் எப்போதும் ஒரே ஒரு மருந்துப் புட்டிதான் இருக்க வேண்டும்.

“இவ்வளவு செலவு செய்து பிரஸ் வாங்கிவிட்டேனே, சார், இப்போது என்ன செய்வது?” என்று கேட்டார் அந்த மாணவர். விற்க வேண்டாம் என்றேன். ஒரு நிலையில் மட்டும் டையைப் பூட்டி, மற்றவற்றைக் காலியாக விட்டு ஓட்டுகிறார். தராசு தனி மேசைக்குப் போய்விட்டது, எடைக்கற்கள் சின்னப் பெட்டியில் பக்கத்திலேயே இருக்கின்றன. மின்விசிறியை அணைத்துவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்து நிரப்புகிறார். பிரைமர் மேல் வியர்வை சொட்டாமல் இருக்க நெற்றியில் ஒரு துண்டு.