பழி ஏன் ஒட்டிக்கொள்கிறது? வேட்பாளர் என்ன செய்யலாம்?

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் 6 ஆசனங்கள். ஒரு கட்சி 9 பேரை நிறுத்தும்; வாக்காளர் அவர்களில் 3 பேருக்கு வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஒரே பட்டியலில் இருப்பவர்களும் அந்த வாக்குக்காகத் தமக்குள் போட்டியிடுகிறார்கள். அதனால் இங்கே பழி எதிரணியிலிருந்து மட்டும் வருவதில்லை, ஒரே பட்டியலில் இருப்பவரின் ஆட்களிடமிருந்தும் வருகிறது. வந்ததும் பலர் செய்வது மேடையேறி "நான் காசு எடுக்கவில்லை" என்று முழங்குவதுதான். நினைவு இயங்கும் விதத்தைப் பார்த்தால், அதைவிடப் பலவீனமான பதில் வேறில்லை.

1994இல் ஹோலின் ஜோன்சன், கொலீன் சைஃபர்ட் என்ற உளவியலாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். களஞ்சியம் ஒன்று தீப்பற்றிய செய்தியைப் பலருக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். ஓர் அறையில் எண்ணெய் வர்ணமும் வாயு உருளைகளும் கவனமின்றி வைக்கப்பட்டிருந்ததாக முதலில் செய்தி. பிறகு, அது தவறு, அந்த அறை வெறுமையாக இருந்தது என்று திருத்தம். திருத்தத்தை வாசித்தோம் என்று ஒப்புக்கொண்டவர்களே, "புகை ஏன் அவ்வளவு நச்சாக இருந்தது?" என்று கேட்டபோது வர்ணத்தையும் உருளைகளையும் காரணம் காட்டினார்கள். யாரோ தீ வைத்ததற்கான தடயம் கிடைத்தது என்று வேறொரு காரணத்தைச் சொன்ன பிறகே பழைய காரணத்தின் பிடி தளர்ந்தது. வெறும் மறுப்பு மனத்தில் ஓர் ஓட்டையை விடுகிறது. அதை நிரப்ப வேறெதுவும் இல்லாதபோது பழைய பொய்யே திரும்பி வந்து குடியேறுகிறது.

குளக்கட்டுத் திருத்தத்துக்கு வந்த பணத்தை வேட்பாளர் விழுங்கிவிட்டார் என்று ஊரில் பேச்சு என வைத்துக்கொள்வோம். கட்டு பாதியில் நிற்பதை எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். "எடுக்கவில்லை" என்ற சொல் அந்தப் பாதிக் கட்டை விளக்காது. "மாரி மழை முந்திவிட்டது, மண் வேலையை நிறுத்தினோம், மீதிப் பணம் கமக்கார அமைப்பின் கணக்கில் இருக்கிறது, வங்கிப் புத்தகம் இதோ" என்பது விளக்கும். நடந்ததை முதலில் சொல்ல வேண்டும், பழியை ஒரே ஒரு தடவை தொட வேண்டும், மறுபடியும் நடந்ததற்கே திரும்ப வேண்டும். அந்தப் புத்தகத்தை வேட்பாளரைவிட அமைப்பின் பொருளாளர் காட்டுவது இன்னும் நல்லது. பழியில் ஒரு பங்கு உண்மை இருந்தால் அதை வேட்பாளரே முதலில் சொல்லிவிட வேண்டும்; மறைத்து அகப்பட்டவரின் மீதிப் பேச்சையும் ஊர் நம்பாது.

'ஒரே ஒரு தடவை' என்பதற்கும் காரணம் இருக்கிறது. லின் ஹாஷரும் சக ஆய்வாளர்களும் 1977இல் காட்டியபடி, திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று, உண்மையோ பொய்யோ, முன்பைவிட உண்மையாகத் தோன்றுகிறது. பழியைத் தலைப்பாக்கி அதன் கீழ் சிறிய எழுத்தில் மறுப்பு அச்சிடும் துண்டுப்பிரசுரம் எதிராளிக்குச் செய்யும் இலவச விளம்பரம். ஆனால் இதற்குப் பயந்து வாய்மூடி இருக்கவும் கூடாது. திருத்தம் சொன்னாலே பொய் வலுக்கும் என்ற அச்சத்தைப் பிந்திய ஆய்வுகள் பெரும்பாலும் உறுதிசெய்யவில்லை. 2004 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர் ஜோன் கெரியின் போர்ச் சேவையைத் தாக்கிய விளம்பரம் ஓகஸ்ட் 5இல் வெளிவந்தது. அவர் நேரில் பதில் சொன்னது ஓகஸ்ட் 19இல். அந்த இரண்டு வாரமும் அவர் வாயிலிருந்து பதில் வராமலே தாக்கியவர்களின் கதை ஓடியது.

வன்னியில் இதையெல்லாம்விடக் கனமான பழி 'துரோகி' என்பது. அதற்கு வங்கிப் புத்தகம் இல்லை. போரில் பிள்ளையை இழந்த வீடுகளின் நடுவே அந்தச் சொல்லை வாக்குக்காக வீசுவதை நான் பெரும் கொடுமையாகவே பார்க்கிறேன். அதைத் திருப்பி வீசுவதிலும் பயனில்லை. தாக்குதல் பிரசாரம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ரிச்சட் லாவும் சகாக்களும், தாக்குபவரின் மதிப்பும் சரிகிறது, அது வாக்கை வென்று தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2007இல் எழுதினார்கள். அந்தப் பழிக்கு உள்ளானவர் தான் எந்த ஆண்டில் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்பதை, கூட இருந்தவர்களின் வாயால் சொல்லவைக்கலாம். அதற்கு மேல் பேச்சை வளர்க்காமல் வாக்காளரின் காணி, குளம், கடற்றொழில் பக்கம் திரும்புவதே நல்லது.

இன்னும் வலுவான வழி, பழி வருமுன்னே பேசுவது. உளவியலாளர் வில்லியம் மக்குவயர் 1960களில் இதைத் தடுப்பூசியோடு ஒப்பிட்டார்: வரப்போகும் பொய்யின் வலுக்குறைந்த வடிவத்தை அதற்கான பதிலோடு சேர்த்துக் கொடுத்தால் கேட்பவர் எதிர்ப்புச் சக்தி பெறுகிறார். 1986இல் தென் டக்கோட்டா செனட் தேர்தலின்போது மைக்கல் ஃபாவும் மைக்கல் பர்கூனும் உண்மையான வாக்காளரிடம் இதைச் சோதித்தார்கள். முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டவர்களைப் பின்னர் வந்த தாக்குதல் குறைவாகவே அசைத்தது.

இலங்கையில் இந்த வழிக்குத் தனிப் பெறுமதி உண்டு. வாக்களிப்புக்கு முந்திய 48 மணித்தியாலம் அமைதிக் காலம். பிரசாரம் செய்யக் கூடாது. பெயரில்லாத துண்டுப்பிரசுரமும் வாட்ஸ்அப் குரல்பதிவும் அந்த இரவுகளில் பரவினால், சட்டத்தை மதிக்கும் வேட்பாளர் கூட்டம் வைத்து மறுக்க முடியாது. குளக்கட்டுக் கணக்கை அதற்கு முந்திய வாரமே சனசமூக நிலையத்தில் வாசித்துக் காட்டியிருந்தால், அந்தப் பொய் போய்ச் சேரும் இடத்தில் கணக்கைக் கேட்டவர்கள் ஏற்கெனவே இருப்பார்கள்.