வாடிய அந்தூரியத்துக்குத் தண்ணீர் ஊற்றும் முன்

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோவிலிருந்து அழைப்பு. "தம்பி, தினமும் தண்ணீர் ஊத்துறேன், இலை இன்னும் தொங்கிக்கிட்டே போகுதே" என்றார் அந்த அக்கா. போய்ப் பார்த்தால், நீண்ட இலைக்காகவே வளர்க்கும் குயின் அந்தூரியம். ஆசைப்பட்டு, பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கியிருக்கிறார். தொட்டியைத் தூக்கியபோதே தெரிந்துவிட்டது, அவ்வளவு கனம். செடி இருந்த பிளாஸ்டிக் தொட்டியில் ஓட்டை இருந்தது. அதை உள்ளே வைத்திருந்த பீங்கான் தொட்டியில் இல்லை. அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர். வேரை லேசாக இழுத்தேன். மேல்தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது, நூல் போன்ற நடுப்பகுதி மட்டும் மிஞ்சியது.

வீட்டுக்குள் வளரும் செடிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். நான் போய்ப் பார்க்கும் அந்தூரியங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும். வாட்டத்தைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். அக்கறை உள்ளவர்கள் வீட்டில்தான் இது அதிகம் நடக்கிறது. அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

குயின் அந்தூரியத்தின் சொந்த ஊர் கொலம்பியாவின் மழைக்காடுகள். அங்கே மரத்தில் தொற்றி வளரும். வெல்வெட் போன்ற இலை ஒரு மீட்டரையும் தாண்டித் தொங்கும். மழை வேரை நனைத்துவிட்டு ஓடிவிடும், பிறகு வேருக்குக் காற்று கிடைக்கும். நம் தொட்டியிலும் அதுதான் நடக்க வேண்டும். வெறும் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில், வாங்கி வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பெரிய துண்டுகளாக ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டை, பெர்லைட் என்ற வெள்ளைக் கல் துகள், கரித்துண்டு, ஈரம் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசி கொஞ்சம். மேலே ஊற்றினால் சில விநாடிகளில் அடியில் வழிய வேண்டும். திங்கள், வியாழன் என்று நாள் குறிக்காதீர்கள். விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்றாதீர்கள்.

சரி, நம் ஊர்க் காற்றில்தான் ஈரம் நிறைய இருக்கிறதே என்று கேட்கலாம். பால்கனியில் இருக்கிறது. இரவெல்லாம் ஏர்கோன் ஓடும் அறையில் இல்லை, ஏர்கோன் அந்த ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும். புது இலை விரியும்போது காற்று வறண்டிருந்தால், ஒட்டிக்கொண்டு கிழிந்தே வெளியே வரும். இலை மேல் தண்ணீர் தெளிப்பதால் பெரிய பயன் இல்லை. சில நிமிடங்களில் காய்ந்துவிடும், காயாமல் தேங்கினால் புள்ளி விழும். கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, சின்ன விசிறி ஒன்றை ஓடவிடுவதைத்தான் நான் சொல்வேன். ஈரப்பதமானி 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் போதும். வெயில் நேரடியாகப் படாத ஜன்னல் வெளிச்சம் வேண்டும்.

காற்றில் ஈரம் கூட, கூழாங்கல் தட்டில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்கு அடியில் வைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து இங்கே அதைச் செய்யாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். டெங்கிக்கு நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் அவதிப்பட்டிருக்கின்றன! வீட்டில் கொசுப்புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான மலேசியாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. தொட்டித் தட்டில் தேங்கியதை அன்றே கொட்டிவிடுங்கள்.

அப்புறம், தவழும் குழந்தையோ பூனையோ இருந்தால் செடியை எட்டாத இடத்தில் வையுங்கள். இதில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரியும், வீங்கும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவின் செடியில் அழுகிய வேரை எல்லாம் சுத்தமான கத்தியால் வெட்டினேன். நல்ல வேர் இரண்டுதான் தேறியது. தண்டைப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியில் வைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் விட்டோம். பெரிய இலைகள் இரண்டும் போய்விட்டன. நேற்று அக்கா படம் அனுப்பியிருந்தார்: பாசிக்குள் வெள்ளையாக ஒரு வேர் நுனி, அரை அங்குலம் இருக்கும். "தண்ணீர் ஊத்தவா?" என்று கேட்டிருந்தார். இன்னும் வேண்டாம் என்றேன்.