பெட்டிக்குள் அடங்காத பயம்

காரைக்குடியில் மனநல ஆலோசகராகப் பணிசெய்யும் நான், வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்குத் தனியாகப் புறப்படுகிறவர்களிடம் முதலில் கேட்பது, பெட்டியை இதுவரை எத்தனை முறை பிரித்து அடுக்கினீர்கள் என்பதைத்தான். உகாண்டாவில் ஒரு பள்ளியில் மூன்று மாதம் கணிதம் கற்பிக்கப் புறப்பட்ட 27 வயதுப் பெண் ஒருவர், ஒன்பது முறை என்றார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருக்கு அனுமதிக்கப்பட்டது 23 கிலோ, பெட்டியோ 31 கிலோ இருந்தது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் படுப்பாராம்.

இதை மறதி என்று எண்ண வேண்டாம். சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் பதற்றம் சில நிமிடங்கள் தணிகிறது. அந்தத் தணிவுக்கு மனம் பழகிவிடுவதால், அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவே கை பெட்டியைத் தேடிப் போகிறது. பாஸ்போர்ட்டுக்கு ஒரே இடம், பார்ப்பது காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை என்று வரம்பு வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் இரண்டு நாள் தவிப்பு கூடியது, பிறகு குறைந்தது.

செட்டிநாட்டுக்குக் கடல் கடந்து போவது புதிதல்ல. 'கொண்டுவிக்கப் போகிறோம்', அதாவது வணிகம் செய்யப் போகிறோம், என்று பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய நகரத்தாரின் பேரப்பிள்ளைகள் இங்கே வீதிக்கு வீதி இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதையைச் சொல்லி, "உங்க ஐயா போகலையா?" என்று இளையவர்களின் வாயை அடைப்பது சரியல்ல. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் போய் இறங்கியவர்களுக்குக் கிட்டங்கி என்ற நகரத்தாரின் தங்குமிடமும் தொழிலிடமும் இருந்தது. அங்கே தங்கள் மொழி பேசி, தங்கள் சாப்பாடு சாப்பிடும் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். தனியாகப் போகும் தன்னார்வலருக்கு அது கிடையாது.

ஆகவே அவருடைய பயத்தில் பாதி நியாயமானது. அதற்கு மருந்து மூச்சுப் பயிற்சியல்ல, விவரம். அழைத்துப்போக வருபவரின் பெயரும் எண்ணும், தங்குமிட முகவரி, அழைப்புக் கடிதம், திரும்பும் பயணச்சீட்டு ஆகிய எல்லாம் காகிதத்தில் கையில் இருக்கட்டும். பல நாடுகளில் ஊதியமில்லாத பணியையும் சுற்றுலா விசாவில் செய்ய முடியாது. சுற்றிப்பார்க்க வந்ததாகச் சொல்லிவிடுங்கள் என்று அழைக்கும் அமைப்பே சொல்லிக்கொடுத்தால், குடியேற்றப் பிரிவுக் கவுன்ட்டரில் நடுங்கப்போவது உங்கள் கால்கள்தாம். அந்த நடுக்கத்துக்கு என்னிடம் சிகிச்சை இல்லை, சரியான விசாவை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழிந்த பின்னரே அது செல்லும் என்பதால் கடைசி வாரம்வரை தள்ளிப்போடக் கூடாது.

இனி அந்தப் பெண்ணுடைய அப்பத்தாவின் பொடி. "இது இல்லாம அங்க என்னத்த ஆத்தா சாப்பிடுவே?" என்று வறுத்து அரைத்துக் கொடுத்த அந்தக் குருமாப் பொடியில் கசகசா இருந்தது. அந்தப் பெண் துபாய் வழியாகப் போகிறவர். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், சிங்கப்பூரிலும் அப்படியே. நம் சமையலறையில் சாதாரணமாக இருக்கும் ஒன்று அங்கே போதைப்பொருள் வழக்காகிவிடும் என்பதை அப்பத்தாவிடம் நானே விளக்கினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கசகசாவை விட்டுப் பொட்டுக்கடலை சேர்த்துப் புதிதாக அரைத்துக் கொடுத்தார். எண்ணெய்ப்பசை மிகுந்து எளிதில் தீப்பற்றும் கொப்பரையையும் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டோம். பவர் பேங்க் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

எடைக்கு நான் வைத்த விதி ஒன்றே: பெட்டியை முகப்புப் படியிலிருந்து மாடிவரை தாமே தூக்கி ஏற வேண்டும், யாரும் கைகொடுக்கக் கூடாது. மூன்றாம் நாள் பெட்டி 19 கிலோவுக்கு வந்தது.

வரிசையில் நிற்கும்போது நெஞ்சு படபடத்து, உள்ளங்கை குளிர்ந்து, வயிறு கலங்கினால், அது பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் என்பதை முன்பே அறிந்திருப்பது உதவும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடலாம். அன்று காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரையை முதன்முதலாக விமானத்தில் முயன்று பார்க்கக் கூடாது. பதற்றத்துக்கான சில மாத்திரைகளுக்கு வேறு நாடுகளில் கட்டுப்பாடு இருப்பதால் மருத்துவரின் சீட்டும் உடன் இருக்க வேண்டும்.

மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடச் சொல்லி, அவருக்கு ஓர் அட்டையில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன்: நுழைவாயில், செக்-இன், குடியேற்றப் பிரிவு, பாதுகாப்புச் சோதனை, விமானம் ஏறும் வாயில். ஒன்று முடிந்ததும் அதை அடித்துவிட வேண்டும். அதற்கு அடுத்ததைத் தவிர வேறெதையும் நினைக்க வேண்டியதில்லை. அன்றிரவு பதினொரு மணியளவில் அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: "அஞ்சாவது வரியில் உட்கார்ந்திருக்கிறேன், மேடம்."