இருட்டில் 'டபக்' என்று கேட்டால் இழுக்காதீர்கள்: எலி ஃப்ளை கொண்டு ட்ரவுட் பிடிப்பவர்களுக்கு

இரவு பத்தரை மணி இருக்கும். ஆறு கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும்தான். எதிர்க்கரைப் புல்லுக்கு அடியில் விழுந்த எலி ஃப்ளை (கொக்கியில் எலி போலக் கட்டிய போலி இரை), நீரின் மேல் கோடு கிழித்துக்கொண்டு குறுக்காக நீந்தி வருகிறது. திடீரென்று 'டபக்!' யாரோ ஒரு கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டது போல. அந்தக் கணத்தில், முதல் முறை வருபவர்கள் அநேகமாக எல்லோருமே ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ராடை, அதாவது தூண்டில் கோலைத் தலைக்கு மேல் வெட்டி இழுக்கிறார்கள்.

இரவு மீன்பிடிக்கு ஆட்களை ஆற்றுக்கு அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகப் பல வருடங்கள் வேலை செய்கிறேன். அந்த ஒரு இழுப்பைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மீனைத் தவறவிடுவதும் அதனால்தான், கண்ணைப் பறிகொடுக்கும் நிலைக்குப் போவதும் அதனால்தான்.

ட்ரவுட் மீன் எலியைத் தின்னுமா என்று சிலர் கேட்பதுண்டு. நன்றாகவே தின்னும். வயல் எலி, சுண்டெலி, மூஞ்சூறு எல்லாம் ஆற்றை நீந்திக் கடக்கும்; கரை இடிந்தோ வேர் வழுக்கியோ நீரில் விழும். அலாஸ்காவின் டோகியாக் வனவிலங்குப் புகலிடத்தில் 2013-ல் பிடிபட்ட ஒரு ரெயின்போ ட்ரவுட்டின் வயிற்றில் ஏறக்குறைய 20 மூஞ்சூறுகள் இருந்தன. மீனின் நீளமோ 19 அங்குலம்தான். நியூசிலாந்தில் பீச் (beech) மரங்கள் அளவுக்கு மீறி விதை உதிர்க்கும் வருடங்களில் காட்டில் எலிகள் பெருகிவிடும். அந்தப் பருவத்தில் ஆற்று ட்ரவுட்களும் எலி தின்று கொழுத்துப்போகும். பெரிய பிரவுன் ட்ரவுட்கள் பகலில் வேருக்கு அடியிலும் ஆழத்திலும் பதுங்கிக் கிடந்துவிட்டு, இருட்டிய பிறகே மேய வருகின்றன. எலி ஃப்ளையை நாம் கோடை இரவுகளில் எடுப்பது அதற்காகத்தான்.

பகலில் நாம் கட்டுவது கொசுவளவு ஃப்ளை, அதற்கேற்ற குட்டிக் கொக்கி. எலி ஃப்ளையோ விரல் நீளம் இருக்கும். மான் முடியைச் சுற்றிக் கட்டி, எலி வடிவில் கத்தரித்து, மிதக்க முதுகில் ஒரு நுரைத் துண்டும் வாலுக்கு முயல் தோல் கீற்றும் வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது 2 அல்லது 4-ஆம் எண், பெரிய கொக்கி. அது நம் பக்கம் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதை அதைக் கையில் வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும்.

சரி, அந்தச் சத்தத்துக்கு வருவோம். பூச்சியைத் தின்னும்போது ட்ரவுட் அதை ஒரே உறிஞ்சில் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும், விட்டால் பறந்துவிடும். எலி பறக்காது. அதனால் பெரிய மீன் பல நேரம் முதலில் பின்னாலிருந்து ஒரு அடி அடிக்கும், அல்லது வாலைக் கவ்வி உலுக்கும். எலி தடுமாறும்போது திரும்பி வந்து விழுங்கும். இருட்டில் குறி தப்பி, ஃப்ளைக்குப் பக்கத்தில் நீரை மட்டும் கலக்கிவிட்டுப் போவதும் உண்டு. நமக்கு எல்லாமே 'டபக்'தான். சத்தத்தை வைத்து மீன் வாயில் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் இன்றுவரை முடியவில்லை.

அந்த நேரத்தில் ராடை மேலே வெட்டினால், வளைந்த ராடு நிமிர்கிறது, லைன் (தூண்டில் கயிறு) விறைக்கிறது. ஃப்ளை நீருக்கு மேலேயே மிதப்பதால் அதைப் பிடித்து நிறுத்த எதுவுமில்லை. லைன் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் பாய்ந்து வரும். அந்தப் பக்கம் இருப்பது உங்கள் முகம். பகலாக இருந்தால் வருவது தெரியும், தலையைத் திருப்பலாம். இருட்டில், அது பட்ட பிறகுதான் தெரியும்.

சில வருடங்களுக்கு முன் என்னோடு வந்த ஒருவருக்கு இது நடந்தது. அனுபவசாலி, பகலில் அருமையாக வீசுவார். மூன்றாவது 'டபக்'கில் இழுத்தார். கொக்கி இடது கீழ் இமைக்குக் கீழே, எலும்பின் மேல் தோலில் ஏறி நின்றது. ஒரு விரல் அகலம் மேலே பட்டிருந்தால் விழி போயிருக்கும். நல்லவேளையாக அது எதிர்முள் (கொக்கி நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்ன முள்) நசுக்கிய கொக்கி. ஆனாலும் கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் என்பதால் நான் அதைத் தொடவில்லை. ஃப்ளையை லைனோடு இணைக்கும் மெல்லிய லீடரை வெட்டிவிட்டு, ஃப்ளையோடு அப்படியே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வண்டியில் போகும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது ஒன்றுதான். மாலையில் வெயில் தாழ்ந்ததும் அவர் கருப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

பெரும்பாலோர் செய்வது அதைத்தான். சின்னக் கொக்கி இருக்கும் பகலெல்லாம் கண்ணைக் கண்ணாடியால் மூடி வைத்திருக்கிறோம். பெரிய கொக்கி கட்டும் நேரத்தில் கண்ணைத் திறந்து விட்டுவிடுகிறோம். நிறமில்லாத பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று வாங்குங்கள். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதற்கு மேலேயே போடும் மாதிரி கிடைக்கிறது. பனி படிகிறது என்று கழற்றாதீர்கள், துடைத்துப் போடுங்கள்.

அடுத்தது கை. ராடு நுனியைத் தாழ்வாக, ஃப்ளை போகும் திசையிலேயே வைத்திருங்கள். சத்தம் கேட்டால் எதையும் மாற்றாதீர்கள். எலி தன்பாட்டில் நீந்தட்டும். அடித்த மீன் அடுத்த ஓரிரு மீட்டருக்குள் மறுபடி வருவது சகஜம். லைனில் கனம் தெரிய வேண்டும், ஈரத்துணியை யாரோ இழுப்பது போல. அப்போதும் ராடைத் தூக்க வேண்டாம். இடது கையால் லைனைப் பின்னோக்கி நீளமாக, அழுத்தமாக இழுங்கள். மீன் இருந்தால் கொக்கி ஏறிவிடும். இல்லையென்றாலும் ஃப்ளை ஓரடி நகர்ந்து நீரிலேயே கிடக்கும், மீனுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கும். இந்தப் பழக்கம் சொன்னால் வராது. பகலில் புல்வெளியில் ஒரு நண்பரை ஃப்ளை இல்லாத லைனைப் பிடித்து இழுக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பழகுங்கள்.

எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீன் கழன்றுவிடும் என்ற பயம் எனக்கும் ஆரம்பத்தில் இருந்தது. லைன் விறைப்பாக இருக்கும்வரை அப்படி ஒன்றும் கழல்வதில்லை. இது உங்கள் தோலுக்காக மட்டுமல்ல. எலி ஃப்ளையைச் சின்ன ட்ரவுட்டும் பாய்ந்து பிடிக்கும். இவ்வளவு பெரிய கொக்கி அதன் மேல்தாடையைத் துளைத்துக் கண்குழிக்குள் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மீனை விட்டாலும் பிழைக்காது. எதிர்முள் இல்லையென்றால் மீனை நீரிலேயே வைத்து, இருட்டில் தடவியே கழற்றிவிடலாம்.

கொக்கி கண்ணில் பட்டுவிட்டால்: இழுக்காதீர்கள், அழுத்தாதீர்கள், கழுவவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். லைனை வெட்டிவிட்டு, ஃப்ளை அசையாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணுக்கு மேல் கவிழ்த்து ஒட்டி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். கையிலோ காதிலோ ஏறிய எதிர்முள் இல்லாத கொக்கி, வந்த வழியே வெளியே வந்துவிடும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெப்பம். கோடை இரவு குளிர்ந்துவிட்டது என்று உடம்பு சொல்லும், ஆறு சொல்லாது. பகல் முழுக்க வாங்கிய சூட்டை நீர் மெதுவாகத்தான் விடும். விடியலை ஒட்டித்தான் மிகக் குளிர்ந்திருக்கும். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் நான் வீசுவதை நிறுத்திவிடுகிறேன். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன், நாம் விட்டதும் நீந்திப் போவது போலத் தெரிந்தாலும் பின்னால் செத்துவிடலாம். இரவு ஒன்பது மணிக்குச் சூடாக இருந்தால் தூங்கிவிட்டு மூன்றரை மணிக்கு வாருங்கள். எலி அப்போதும் வேலை செய்யும்.

ஆற்றில் இறங்கும் இடத்தைப் பகலிலேயே நடந்து பாருங்கள், தனியாகப் போகாதீர்கள், வேடருக்கு (நீரில் இறங்கப் போடும் நீர்புகா உடைக்கு) மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். சில ஊர்களில் இரவில் ட்ரவுட் பிடிக்கவே தடை உண்டு. விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தலைவிளக்கை நீரில் அடிக்காதீர்கள். மீனும் கலையும், இருட்டுக்குப் பழகிய உங்கள் கண்ணும் மறுபடி பழக அரை மணி நேரம் வரை ஆகும்.

அன்று இமைக்குக் கீழே கொக்கி ஏறியவர் நலமாக இருக்கிறார், இரண்டு தையலோடு போயிற்று. மறுவருடம் மறுபடி வந்தார். இப்போதெல்லாம் என் பையில் கூடுதலாக இரண்டு கண்ணாடிகள் இருக்கின்றன. அதைப் போட்டுக்கொள்ளாதவருக்கு நான் எலியைக் கட்டிக் கொடுப்பதில்லை.