தட்டைத் தாண்டியதும் எலக்ட்ரான் எப்படிப் போகும்?

இயற்பியல் விடைத்தாள் திருத்த உட்காரும்போதெல்லாம் ஒரு படம் என்னை உறுத்தும். இரண்டு இணைத்தட்டுகள், நடுவே நுழையும் எலக்ட்ரான், நேர்மின் தட்டை நோக்கி வளையும் பாதை. அதுவரை சரி. தட்டைத் தாண்டிய பிறகும் கோடு வளைந்துகொண்டே திரைவரை போயிருக்கும். சூத்திரத்தைப் பிசகாமல் எழுதிய மாணவர்களே இப்படி வரைகிறார்கள்.

தட்டுகளுக்கு நடுவே மின்புலம் இருக்கும் இடத்தில்தான் எலக்ட்ரான் மீது விசை உண்டு. விசை நின்றால் முடுக்கமும் நின்றுவிடும், அதன்பின் நேர்கோடுதான்.

இந்தப் பிழை விடையை எவ்வளவு கெடுக்கும் என்று வகுப்பில் போட்டுக் காட்டுவேன். தட்டுகளின் இடைவெளி 2 செ.மீ., மின்னழுத்தம் 200 வோல்ட் என்றால் புலம் மீட்டருக்கு 10,000 வோல்ட். எலக்ட்ரானின் முடுக்கம் சுமார் 1.76 × 10¹⁵ மீ/வி². அது நொடிக்கு 2 கோடி மீட்டர் வேகத்தில் நுழைந்தால், 5 செ.மீ. நீளத் தட்டை 2.5 நானோ நொடியில் கடந்துவிடும். அதற்குள் விலகுவது (½ × முடுக்கம் × நேரம்²) 5.5 மி.மீ. திரை இன்னும் 20 செ.மீ. தள்ளி இருக்கிறது. மொத்தம் 25 செ.மீ. தூரத்துக்கும் நேரம் கண்டுபிடித்து அதே சூத்திரத்தில் போட்டால் 13.75 செ.மீ. என்று வரும். உண்மையான விலகல் 5 செ.மீ.கூட இல்லை, 4.95தான்!

புவியீர்ப்பை ஏன் விட்டுவிட்டோம் என்று யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சி. அந்த 2.5 நானோ நொடியில் எலக்ட்ரான் ஈர்ப்பால் விழுவது சுமார் 3 × 10⁻¹⁷ மீட்டர். அணுக்கருவின் அளவைவிடக் குறைவு.

புலம் இருக்கிறதா என்பதில் பெரிய ஆய்வாளர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1883-இல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் கேதோடு கதிர்களை (வாயு நீக்கிய குழாயில் பாயும் எலக்ட்ரான் கற்றையை) மின்புலத்தில் செலுத்தியபோது அவை வளையவில்லை. குழாயில் எஞ்சியிருந்த வாயு மின்கடத்தியாகி, புலத்தை மறைத்துவிட்டது. 1897-இல் ஜே.ஜே. தாம்சன் வாயுவை இன்னும் நன்றாக வெளியேற்றிய பிறகே கதிர் வளைந்தது. தட்டில் மின்னழுத்தம் கொடுத்தாலே போதாது, துகள் போகும் இடத்தில் புலம் இருக்க வேண்டும்.

மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான்: படத்தில் புலம் இருக்கும் பகுதியை முதலில் பென்சிலால் நிழலிடுங்கள். நிழலுக்குள் பரவளையம், வெளியே ஸ்கேல். வெளியே வரைந்த நேர்கோட்டை அப்படியே பின்னோக்கி நீட்டுங்கள். துகள் நுழைந்த நேர்கோட்டை அது தட்டின் சரிபாதியில், 2.5 செ.மீ.யில் வெட்ட வேண்டும். வெட்டவில்லை என்றால் வளைவைத் திரும்ப வரையுங்கள்.